ரிடையர்மென்ட்டுக்கு அப்புறம் ரெண்டு பேருமா நேபாளத்துக்கு மிஷனரியா போறது - அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பாளை_பென்ஷனர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 66 வயசு, தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்து ரிடையர் ஆனவன். வீட்டுல 62, ஜிஎச்ல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ஓய்வு. பையன் பெங்களூர், பொண்ணு மஸ்கட். எங்க சேகரத்து ஐயர், அதாவது சர்ச் போதகர் மூலமா ஒரு மிஷனரி ஸ்தாபனத்துல இருந்து கேட்டிருக்காங்க, நேபாளத்துல பால்பா மாவட்டம் தான்சேன்ல ரெண்டு வருஷம் வந்து இருக்க முடியுமான்னு. வீட்டம்மாவுக்கு நர்சுங்களுக்கு பயிற்சி குடுக்கிற வேலை. எனக்கு என்னன்னு கேட்டா "வாங்க அண்ணாச்சி, அங்க வந்து பாத்துக்கலாம், ஜெபத்துல தாங்குங்க"ன்னு சொல்றாங்க. போகணும்னு ரெண்டு பேருக்கும் பாரம் இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. நான் கேக்கிறது வேற. ஊழிய அறிக்கையில எல்லாம் போட்டோவும் சாட்சியும்தான் வருது, காலைல எந்திரிச்சா ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன நடக்கும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க. எனக்கு சுகர் மாத்திரை போகுது, அவளுக்கு முட்டு வலி. சாப்பாடு, குளிர், பாஷை, பென்ஷன் இதெல்லாம் எப்படி சமாளிக்கிறது? பிள்ளைங்க வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

மலைமேல்_அக்கா

அண்ணாச்சி, நாங்க அதே ஊர்ல இருந்துட்டு வந்தவங்கதான். நானும் நர்ஸ், எங்க வீட்டுக்காரங்க போக்குவரத்துக் கழகத்துல டிப்போ மெக்கானிக் பக்கம் இருந்தவங்க. உங்க கேள்வியைப் படிச்சதும் முதல்ல கண்ணுல பட்டது சுகரும் முட்டும் இல்ல, "அங்க வந்து பாத்துக்கலாம்"னு உங்களுக்குச் சொன்ன பதில்தான். அதுக்கு அப்புறமா வாறேன், முதல்ல ஊரைச் சொல்லிடுறேன்.

தான்சேன் 1,300 மீட்டருக்கு மேல, மலை முகட்டுல இருக்கிற ஊர். குளிர் ஏற்காடு மாதிரிதான்னு நினைச்சுக்கோங்க, பகல்ல வெயில் அடிச்சா சுகமா இருக்கும், மார்கழி தை ராத்திரிதான் எலும்புக்குள்ள போகும், ஏன்னா வீட்டுக்குள்ள சூடு பண்ற வசதி எதுவும் கிடையாது, வெளிய இருக்கிறதை விட உள்ள குளிரும். அங்க ஆளுங்க எல்லாம் குளிர்காலத்துல மொட்டை மாடில வெயிலைப் பாத்து உக்காந்துதான் காய் நறுக்குறது கம்பளி பின்னுறது எல்லாம், நாங்களும் அப்படியே பழகிட்டோம். ஆனா முட்டு வலி உள்ளவங்களுக்கு குளிரை விட ஏத்த இறக்கம்தான் பாடு. கல்லு பாவுன சந்து, ஒரு கிலோ தக்காளி வாங்கணும்னாலும் இறங்கி ஏறணும். மழைக்காலத்துல அந்தக் கல்லு பாசி பிடிச்சு வழுக்கும். அதனால வீடு எங்க தாறாங்கன்னு கேளுங்க, ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ளயா, பஜாருக்கு மேலயா கீழயா, எத்தனை படின்னு கூச்சப்படாம கேளுங்க. மதினிக்கு இப்பவே நல்ல கிரிப் உள்ள ஷூ வாங்கிப் போட்டு பழக்குங்க, செருப்போட அங்க நடக்க முடியாது.

தண்ணி இன்னொண்ணு. முகட்டு ஊருங்கிறதால கீழ இருந்து பம்ப் பண்ணி ஏத்துற தண்ணி, தினமும் வராது. வந்த அன்னைக்கு டிரம், குடம், சட்டி எல்லாம் ரொப்பி வைக்கணும். நம்ம ஊர்ல குடம் தூக்கி வளந்த நமக்கு இது புதுசு இல்ல, எங்க கூட இருந்த வெள்ளைக்கார ஃபேமிலிதான் ரொம்ப திண்டாடினாங்க.

சாப்பாடு: அவங்க ரெண்டு வேளை தால் பாத், அதாவது சோறு, பருப்பு, ஒரு காய், கொஞ்சம் ஊறுகாய். காலைல ஒம்பது பத்து மணிக்கே முழு சோறு சாப்பிட்டுட்டுதான் வேலையைப் பாப்பாங்க, மத்தியானம் லேசா ஒரு டிபன், ராத்திரி திரும்ப சோறு. சுகர் உள்ள ஆளுக்கு அந்தச் சோத்தளவு ஆகாது. பாக்கிற வீட்டுல எல்லாம் மறு தடவை வைப்பாங்க, போதும்னு தட்டுக்கு மேல கையை மறைச்சு நல்லா அழுத்திச் சொல்லணும். கோதோ, அதாங்க நம்ம கேப்பை, அங்க நல்லா கிடைக்கும், எங்க வீட்டுக்காரங்களுக்கு ராத்திரி அதான் களி. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் பெரும்பாலும் இந்தியா சரக்குதான், கிடைக்கும், ஆனாலும் ரெண்டு மூணு மாசத்துக்கு சீட்டோட கையில கொண்டு போங்க. புளி, குழம்புப் பொடி, பெருங்காயம் கொண்டு போங்க. குளிர்காலத்துல இட்லி மாவு பொங்காது, ராத்திரி அடுப்பு பக்கத்துல கம்பளி சுத்தி வச்சாத்தான் உண்டு. அதுலயும் பாதி நாள் தோசைதான்.

ஆராதனை அங்க சனிக்கிழமை, ஏன்னா நாங்க இருந்தப்ப நாட்டுக்கே வார லீவு சனிதான். ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு வேலைக்குப் போறது மனசுக்கு ஒப்பவே மாட்டேன்னுது ரொம்ப நாளைக்கு. சபையில செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு தரையில பாய்ல உக்காரணும், ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், நம்ம கிராமத்துச் சபை பழைய வழக்கம்தான். பாத்ததும் "ஜெய மசீ"ன்னு கும்பிடுவாங்க. ரெண்டரை மணி நேரம் ஓடும், மதினியால தரையில இருக்க முடியாதுன்னா பின்னால ஸ்டூல் போட்டுத் தருவாங்க, யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம். எனக்கு போன மறுநாளே வார்டு, புள்ளைங்க, ரவுண்ட்ஸ், ரெக்கார்டுன்னு வேலை. எங்க வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்களும் வாங்கன்னு கூட்டிட்டுப் போனாங்களே தவிர அவங்களுக்குன்னு ஒரு நாற்காலி கூட இல்ல. பாஷை தெரியாது, டிவி புரியாது. காலைல என்னைக் கொண்டு விட்டுட்டு வந்து வீட்டுல உக்காந்து மொபைலைப் பாக்கிறது, நான் வந்ததும் "ஏன் இவ்வளவு லேட்டு"ன்னு கேக்கிறது. முப்பது வருஷம் அவங்க டிப்போ, நான் டூட்டின்னு தனித்தனியா ஓடின ரெண்டு பேர் ஒரே ரூம்ல ஒரே அடுப்பைப் பாத்துட்டு இருந்தா என்ன ஆகும், சும்மா சும்மா சண்டைதான். ஊழியத்துக்கு வந்த இடத்துல பருப்புல உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வாரம் பேசாம இருந்திருக்கோம். இதையெல்லாம் யாரு ஜெபக்குறிப்புல எழுதி அனுப்புவா.

அப்புறம் ஒரு நாள் வெராண்டாவுல ஒரு வீல்சேர் சக்கரம் கிரீச் கிரீச்சுன்னு இழுத்துக்கிட்டுப் போறதைப் பாத்துட்டு அவங்களா மெயின்டனன்ஸ் ஷெட்டுக்குப் போயி நின்னாங்க. அங்க உள்ள பையன்கிட்ட சைகையிலயே ஸ்பேனர் வாங்கி, பேரிங்கைக் கழட்டி, மண்ணெண்ணெய்ல போட்டு ஊற வச்சு, பழைய துணியால ஒவ்வொரு குண்டா துடைச்சு, கிரீஸ் அடைச்சு மாட்டினாங்க. அதுல இருந்து வீல்சேர், ஸ்ட்ரெச்சர், கட்டில் சக்கரம் எல்லாம் ஷெட்டுக்கு வர ஆரம்பிச்சது. ஷெட்டு பையங்க "புவா", அதாவது அப்பான்னு கூப்பிட்டு காலைல டீ வாங்கி வைப்பாங்க. நேபாளி என்னை விட அவங்கதான் நல்லாப் பேசக் கத்துக்கிட்டாங்க, நான் ஆஸ்பத்திரி பாஷை மட்டும்தான், அவங்க கெட்ட வார்த்தை உட்பட எல்லாம். வீட்டுலயும் சண்டை நின்னுது, நின்னுதுன்னா குறைஞ்சுது.

அதனால நீங்க தாலுகா ஆபீஸ் ஆளு, ஃபைல், கணக்கு, ஸ்டோர் ரிஜிஸ்டர் எல்லாம் உங்களுக்கு தண்ணி பட்ட பாடு. இன்ன வேலை, இன்ன ஆளுக்குக் கீழன்னு எழுத்துல வாங்காம மூட்டை கட்டாதீங்க. ஜெபத்துல தாங்குறதுக்கு பாளையங்கோட்டையில இருந்தாலே போதுமே.

டீக்கடை_பெஞ்ச்

நான் கிறிஸ்தவன் இல்ல, சண்டைக்கும் வரல. நேபாளத்துல மதம் மாத்தினா ஜெயில்னு படிச்சேன், இந்த வயசுல இது தேவையா சார்? ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு உள்ள அதான நடக்கும்னு ஒரு நினைப்பு வருது, தப்பா எடுக்காதீங்க.

காத்மாண்டு_தமிழன்

கேட்டது நியாயமான கேள்விதான் நண்பரே. 2015 அரசியல் சட்டத்துலயே 26வது பிரிவுல ஒருத்தரை மதம் மாத்தக் கூடாதுன்னு இருக்கு, 2018 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்துல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 நேபாள ரூபா வரைக்கும் அபராதம், வெளிநாட்டுக்காரர்னா தண்டனை முடிஞ்சதும் நாடு கடத்தல். விசா இல்லாம வந்தாலும் இந்தியரும் வெளிநாட்டுக்காரர்தான், இதை நம்ம ஆளுங்க மறந்துடுறாங்க. ஆக துண்டுப் பிரசுரம் கொடுக்கிறது, வார்டுல போய் நோயாளி தலையில கை வச்சு சத்தமா ஜெபிக்கிறது, அதை ஃபேஸ்புக் லைவ் போடுறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, ஸ்டேஷனுக்கு இழுபடப் போறது உள்ளூர் சபைக்காரன்.

ஆனா "உள்ள அதான நடக்கும்"னு சொல்றதுக்கு பதில், தான்சேன் கதையே வேற. 1949ல முசூரில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்த ராபர்ட் ஃப்ளெமிங்னு ஒரு அமெரிக்கர் பறவை ஆராய்ச்சிக்குன்னு அனுமதி வாங்கி நேபாளத்துக்குள்ள போறாரு, அடுத்து வந்த பயணங்கள்ல டாக்டர்களும் கூடப் போறாங்க. தான்சேன்ல கூடாரம் போட்டா பறவையை விட நோயாளிதான் அதிகம் வருது. ஊர்ல ஆஸ்பத்திரி இல்ல. அதுல இருந்துதான் அழைப்பு வந்து, 1954ல பல சபைகளும் பல நாடுகளும் சேர்ந்து நேபாள ஐக்கிய மிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அரசாங்கத்தோட போட்ட ஒப்பந்தத்துலயே மதப் பிரச்சாரம் கூடாதுன்னு உண்டு, அதுக்குக் கையெழுத்து போட்டுட்டுதான் வேலை பாக்குறாங்க. 2021 கணக்கெடுப்புப்படி நாட்டுல கிறிஸ்தவங்க 1.76 சதவீதம், அவங்க சபைகளை நடத்துறது நேபாளிகளே. வயசான நர்ஸம்மா ஒருத்தங்க சின்னப் பிள்ளைங்களுக்கு ஊசி சரியா போடச் சொல்லிக் குடுக்கிறதை யாரும் தப்பு சொல்ல முடியாது.

நடைமுறைக்கு வருவோம். இந்திய நூறு ரூபான்னா நேபாள 160, 1993ல இருந்து அதே ரேட்டுதான். 2024 மார்ச்ல இருந்து நம்ம யூபிஐ அங்க கடைகள்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணா போகுது, ஆனா மலை மேல காய்கறிக்காரம்மாகிட்ட காசுதான். நம்ம ஊர் சிம்முல ரோமிங் போட்டு வைங்க, பேங்க் ஓடிபி வராம பென்ஷன் பணத்தை எடுக்க முடியாம தவிக்கிற ஆளுங்க நிறைய. லீவுக்கு ஊருக்கு வர்றதை உங்க மஸ்டரிங், அதாவது பென்ஷனர் உயிரோட இருக்கிறதைக் காட்டுற மாசத்தோட சேர்த்து வச்சுக்கோங்க, ட்ரெஷரில நேர்லயே முடிச்சிடலாம். மெடிக்ளெய்ம் பாலிசி பெரும்பாலும் நாட்டுக்கு வெளிய செல்லாது, பென்ஷனர் காப்பீடும் அதே கதை, பெரிசா ஏதாவதுன்னா எல்லை தாண்டி வரணும். மழைக்காலத்துல பூத்வல்ல இருந்து மேல ஏறுற ரோட்டுல சித்தபாபா பக்கம் கல்லு சரியும், அதுக்காகத்தான் அங்க சுரங்கப்பாதை வேலையே ஆரம்பிச்சாங்க. அந்த சீசன்ல அவசியம் இல்லாம கீழ இறங்காதீங்க.

டீக்கடை_பெஞ்ச்

ஓகே சார், விளக்கத்துக்கு நன்றி. பறவை மேட்டர் புதுசு.

யூட்டா_மாமா

நான் அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி பக்கம் ஐடில இருக்கேன், இங்க மார்மன்னு சொல்ற ஒரு தனி சபைக்காரங்க ஜாஸ்தி. அக்கா சொன்ன பாயிண்ட்டுக்கு ஒரு ஒப்பீடு சொல்லலாம்னு வந்தேன். இவங்கள்ல ரிடையர் ஆன தம்பதிங்க மிஷன் போறது ரொம்ப சகஜம், பேரப்பிள்ளைங்க கூடி நின்னு ஏர்போர்ட்ல வழியனுப்புவாங்க. 6, 12, 18, 23 மாசம்னு எத்தனை மாசம்ங்கிறதை அவங்களே சொல்லலாம். செலவு சொந்தக் காசு, சம்பளம் கிடையாது, 2011ல இருந்து வீட்டு வாடகை மட்டும் ஒரு அளவுக்கு மேல போனா சபை பாத்துக்கும்னு வச்சாங்க, அப்ப அந்த அளவு மாசம் 1,400 டாலர்.

எங்க பக்கத்து வீட்டு தாத்தா பாட்டி கானா போயிட்டு வந்தவங்க. நான் என்னமோ வீடு வீடா கதவைத் தட்டுவாங்கன்னு நினைச்சேன், அது 18, 20 வயசுப் பசங்க வேலையாம். இவரு அந்தப் பசங்களோட வண்டிகளுக்கு கணக்கு, இன்சூரன்ஸ், டயர் மாத்துறது. பாட்டி ஆபீஸ்ல லெட்டர், பாஸ்போர்ட் காப்பி, அப்புறம் பசங்க தங்கியிருக்கிற வீடுகளுக்குப் போய் பாத்ரூம் சுத்தமா இருக்கான்னு பாக்கிறது, இல்லன்னா திட்டு. "என் பிள்ளைங்களை வளர்த்தது போதாதுன்னு ஊரான் பிள்ளைங்க பாத்ரூமையும் பாத்துட்டு வந்தேன்"னு சிரிக்கும் அந்தப் பாட்டி. கவனிக்க வேண்டியது என்னன்னா ரெண்டு பேரையும் ஜோடியாத்தான் கூப்பிடுவாங்க, ஒருத்தருக்கு வேலை இன்னொருத்தர் கூட வர்ற ஆள்ங்கிற கணக்கே இல்ல. நம்ம ஸ்தாபனங்க இந்த ஒண்ணையாவது பாத்துக் கத்துக்கலாம். இங்க உள்ள மத்த விஷயங்கள்ல எனக்கு ஆயிரம் கருத்து உண்டு, அது இந்த இடத்துக்கு வேண்டாம்.

மூத்த_மக

நான் பிள்ளைங்க சைடுல இருந்து பேசுறேன். எங்க அப்பா அம்மாவும் போக்ரா பக்கம் இப்படிப் போனவங்கதான். அங்கிள், உங்க பொண்ணும் பையனும் வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் விசுவாசக் குறைவு இல்ல. அவங்க வெளிய சொல்லாத ரெண்டு பயம் இருக்கும். ஒண்ணு, திடீர்னு ஏதாவது ஆனா நான் எப்படி போய்ச் சேருவேன். மஸ்கட்ல இருக்கிற பொண்ணுக்கு உங்க ஊருக்கு வர்றதே ஒரு நாள், மலை மேல உள்ள ஊருக்குன்னா கேக்கவே வேண்டாம். ரெண்டாவது, எனக்கு அடுத்த பிரசவம்னா அம்மா வருவாளா. இதை வாயைத் திறந்து கேட்டா சுயநலம்னு ஆயிடும்னு "உங்களுக்கு சுகர் இருக்கு"ன்னு சுத்தி வளைச்சுப் பேசுவோம். நானும் அதான் செஞ்சேன்.

எங்க அம்மா என் டெலிவரிக்கு வந்தாங்க, ஆனா அனுப்பின இடத்துல "பாதில விட்டுட்டுப் போறீங்களே"ன்னு ஒரு பேச்சு வந்துச்சு, அம்மா அதை ரொம்ப நாள் மனசுல வச்சிருந்தாங்க. அதனால லீவு எத்தனை நாள், எதுக்கெல்லாம் வரலாம், டிக்கெட் யாரு, இதை முன்னாடியே பேசிக்கோங்க. இன்னொண்ணு, கேக்கவே கஷ்டமா இருக்கும் ஆனா கேளுங்க, அங்க வச்சு யாருக்காவது உயிர் போயிட்டா என்ன ஏற்பாடு. நேபாளம் தகனம் பண்ற நாடு, காத்மாண்டு சபைக்காரங்களுக்கே அடக்கம் பண்ண இடம் கிடைக்காம பெரிய போராட்டம். ஊருக்குக் கொண்டு வரணுமா, அங்கயே போதுமான்னு எங்க அப்பா ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு எங்க மூணு பேருக்கும் வாட்ஸப்ல அனுப்பிட்டாங்க. அன்னைக்கு நான் அழுதேன், ஆனா அதுக்கப்புறம்தான் நிம்மதியா தூங்கினேன்.

தசைன் பண்டிகை சமயத்துல கொஞ்சம் கவனமா இருங்க. புரட்டாசி ஐப்பசி வாக்குல வரும், மொத்த ஊரும் அவங்கவங்க சொந்த கிராமத்துக்குப் போயிடும், கடை இருக்காது, ஆள் இருக்காது, எங்க அம்மா அப்பா அந்தப் பத்து பதினைஞ்சு நாள்லதான் ரொம்ப சோந்து போவாங்க. தினமும் ராத்திரி வீடியோ கால் போட்டு பேசிட்டே இருப்போம், பேச ஒண்ணும் இல்லன்னாலும் போனைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு அம்மா பாட்டுக்கு காய் நறுக்கிட்டு இருப்பாங்க.

மலைமேல்_அக்கா

மூத்த மக சொன்ன தசைன் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. அந்த வாரம் பக்கத்து வீட்டுல இருந்து ஆட்டுக்கறி குடுத்து விடுவாங்க, பெரியவங்க சின்னவங்களுக்கு நெத்தியில அரிசியும் சிவப்பும் கலந்து டீக்கா வைப்பாங்க. சபைக்காரங்க அதை வைக்க மாட்டாங்க, அதுல சொந்தக்காரங்க மனசு கோணும். நாம வெளியாளு, அதுல புகுந்து அட்வைஸ் பண்ண வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடலாம்.

அண்ணாச்சிக்கு இன்னொரு வேலையும் தோணுது. அங்க ஆஸ்பத்திரில நோயாளிக்குத் துணைக்கு வர்றவங்களை குருவான்னு சொல்லுவாங்க, சமையல், மருந்து வாங்குறது, ரத்தம் கொண்டு போறது எல்லாம் அவங்கதான். மலைக்கு அப்பால இருந்து நடந்து வந்த கிழவன் எந்தச் சீட்டை எந்த ஜன்னல்ல குடுக்கணும்னு தெரியாம கவுண்டர் கவுண்டரா அலைவான். தாலுகா ஆபீஸ்ல சர்டிபிகேட்டுக்கு அலையுற ஆளுங்களைப் பாத்துப் பழகின உங்களுக்கு அந்த முகம் தெரியும். பாஷை கொஞ்சம் வந்ததும் அந்த ஜன்னல் பக்கம் நிக்க விடச் சொல்லி கேளுங்க.

பாளை_பென்ஷனர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கல. மதினின்னு அக்கா எழுதினதை அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன், உப்பு கூடின சண்டையைக் கேட்டுட்டு "இது நம்ம வீடுல்லா"ன்னா. ஸ்தாபனத்துக்கு லெட்டர் எழுதிட்டேன், என் வேலை என்ன, யாருக்குக் கீழ, வீடு எத்தனை படி, லீவு எத்தனை நாள், எல்லாம் நம்பர் போட்டு. பதில் வரட்டும், வந்தாத்தான் மேற்கொண்டு. பொண்ணுகிட்ட பிரசவ விஷயத்தை நேரா கேட்டுட்டேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "உங்களுக்கு யாருப்பா சொன்னா"ங்கா.

ஒரே ஒரு சந்தேகம், பாஸ்போர்ட் அவளுக்கு மட்டும்தான் இருக்கு, பொண்ணு வீட்டுக்குப் போனப்ப எடுத்தது. என்கிட்ட இல்ல, வோட்டர் ஐடியில என் போட்டோ யாரோ மாதிரி இருக்கும். ரயில்ல கோரக்பூர் போயி சுனௌலி வழியா நடந்து எல்லை தாண்டினா எனக்கு என்ன கேப்பாங்க?

காத்மாண்டு_தமிழன்

அண்ணாச்சி, ரோட்டு வழின்னா 65க்கு மேல உள்ளவங்களுக்கு போட்டோ உள்ள அரசாங்க அடையாள அட்டை போதும், ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ் எதுவானாலும். மதினிக்கு 62ங்கிறதால அவங்களுக்கு பாஸ்போர்ட்டோ வோட்டர் ஐடியோ வேணும், ஆதார் ஒத்துக்க மாட்டாங்க. ஆனாலும் நீங்களும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துடுங்க, அவசரத்துக்கு ஃப்ளைட்ல வரணும்னா அது கையில இருக்கிறதுதான் நல்லது. பைரஹவா ஏர்போர்ட் சுனௌலிக்குப் பக்கம்தான். எல்லையில தள்ளுவண்டிக்காரன் பெட்டிக்கு இவ்வளவுன்னு சொல்லும்போது இந்திய ரூபாயா நேபாள ரூபாயான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.